பைத்தான் வழியே ஊதியச் சீட்டு அனுப்பினால் ‘நோநேம்’ என்று போய்ச் சேர்கிறது

திருப்பூர்க் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதந்தோறும் 7ஆம் தேதிக்குள் 86 பேருக்கு ஊதியச் சீட்டைத் தனித்தனிப் பிடிஎஃப் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். இதுவரை ஒவ்வொருவராக முகவரியைத் தட்டி, கோப்பைத் தேடி இணைத்து, இரண்டு மாலைப் பொழுதுகளை இதற்கே கொடுத்துவந்தேன். அக்காள் மகன் கல்லூரியில் பைத்தான் என்னும் நிரல்மொழி படிக்கிறான். அவன் சொல்லிக்கொடுத்த அளவிலும், இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியை வைத்தும் நானே ஒரு நிரல் எழுதியிருக்கிறேன்.

முதல் நாள் மாலை முழுவதும் வீணானது. நிரலுக்கு ‘ஈமெயில்’ என்று பெயர் வைத்துச் சேமித்திருந்தேன். அதே பெயரில் பைத்தானுக்குள்ளேயே ஒரு தொகுப்பு இருப்பதால், அது என் கோப்பைத் தன் தொகுப்பு என்று எடுத்துக்கொண்டு, ‘ஈமெயில் என்பது தொகுப்பன்று’ என்று பிழை காட்டிக்கொண்டே இருந்தது. பெயரை மாற்றியதும் அது தீர்ந்தது.

இப்போது இரண்டு சிக்கல்கள் நிற்கின்றன. முதலாவது, என் சொந்த முகவரிக்கே அனுப்பிப் பார்த்தால் மின்னஞ்சல் வருகிறது, ஆனால் இணைப்பு ‘நோநேம்’ என்ற பெயரில், பிடிஎஃப் என்ற பின்னொட்டும் இல்லாமல் வருகிறது. கைபேசியில் தொட்டால் எதில் திறப்பது என்று அதற்குத் தெரியவில்லை. கணினியில் இறக்கி, பெயரை மாற்றித் திறந்தால் உள்ளே சீட்டு சரியாகவே இருக்கிறது. இரண்டாவது, ஜிமெயில் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் சில நேரம் 535 என்ற எண்ணோடு மறுக்கிறது. அலுவலக முகவரியில் அனுப்ப முடிகிறது, என் சொந்த முகவரியில் முடியவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய பெர்ல்காரர்

கணக்கரே, ஒரு சந்தேகம். கோப்பின் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறீர்களா? ஆங்கிலப் பெயருள்ள ஒரு கோப்பை அதே நிரலால் அனுப்பினால் என்ன ஆகிறது? கூடவே, நீங்கள் இணையத்திலிருந்து எடுத்த மாதிரியில் இணைப்பின் பெயரைக் குறிக்கும் அந்த ஒற்றை வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

திருப்பூர்க் கணக்கர்

ஐயா, கண்ணால் பார்த்ததுபோல் கேட்டுவிட்டீர்கள். கோப்பின் பெயர் ‘சம்பளச்சீட்டு’ என்று தொடங்கி, பின்னால் பணியாளர் எண் வரும். ஆங்கிலப் பெயரில் சோதித்தேன், ஒழுங்காகப் போகிறது. அந்த வரியில் ‘அட்டாச்மென்ட்’ என்ற சொல், அரைப்புள்ளி, ‘ஃபைல்நேம்’, சமக்குறி, பிறகு கோப்பின் பெயர் ஆகிய எல்லாம் ஒரே சரமாக, அதாவது ஒரே எழுத்துத் தொடராக, ஒட்டப்பட்டிருக்கின்றன.

பழைய பெர்ல்காரர்

அந்த வரிதான் காரணம். அதைச் சொல்வதற்கு முன் மின்னஞ்சலின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது தெரியாமல் வரியை மட்டும் திருத்தினால் அடுத்த மாதம் வேறொரு வரி உங்களைக் கடிக்கும்.

மின்னஞ்சலுக்கு ‘இணைப்பு’ என்ற ஒன்று தெரியாது. ஆர்எஃப்சி எனப்படும் இணைய விதிமுறை ஆவணங்களில், 1982 ஆகஸ்டில் வெளிவந்த இரண்டுதான் இன்றும் இதற்கு அடித்தளம். கடிதத்தை எப்படிக் கைமாற்றுவது என்பதை ஆர்எஃப்சி 821 சொன்னது, கடிதத்தின் வடிவத்தை ஆர்எஃப்சி 822 சொன்னது. இரண்டும் ஏழு பிட் ஆஸ்கி எழுத்துகளை, அதாவது ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகள் ஆகியவற்றை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. படமோ கோப்போ அனுப்ப வேண்டியவர்கள், மேரி ஆன் ஹார்ட்டன் 1980இல் எழுதிய யூயுஎன்கோட் என்னும் சிறு நிரலால் அதை எழுத்துகளாக மாற்றிக் கடிதத்தின் உடலிலேயே ஒட்டினார்கள். பெறுகிறவர் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, திருப்பி மாற்றிக்கொள்ள வேண்டும். நானே அந்த வேலையைச் செய்திருக்கிறேன். நடுவில் ஒரு வரி சிதைந்தால் முழுக் கோப்பும் போய்விடும்.

நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் சேர்ந்து வகுத்த மைம் என்னும் முறை 1992இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, தாம் பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் போரன்ஸ்டைன் ஒரு மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினார். இன்று நாம் ‘அட்டாச்’ செய்வதெல்லாம் அதன் தொடர்ச்சி. அவர்கள் பழைய சாலையை இடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கடிதம் முழுவதும் எழுத்தாகவே இருக்கட்டும், அதற்குள் ஓர் எல்லைக்கோட்டு வரியை வைத்துப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்வோம், ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அது என்ன வகை, எந்தக் குறிமுறையில் இருக்கிறது, பெயர் என்ன என்று எழுதிவைப்போம் என்பதுதான் அவர்களுடைய திட்டம்.

ஜிமெயிலில் உங்கள் சோதனைக் கடிதத்தைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதை அழுத்துங்கள். எல்லைக்கோட்டுக்குக் கீழே ஆங்கில எழுத்துகளும் எண்களுமாகப் பக்கம் பக்கமாக ஒரு குவியல் தெரியும். அதன் முதல் ஐந்து எழுத்துகள் ஜே, வி, பி, இ, ஆர் என்று பெரிய எழுத்தில் இருந்தால், உங்கள் பிடிஎஃப் பழுதில்லாமல் உள்ளே இருக்கிறது என்று பொருள். பிடிஎஃப் கோப்புகள் எல்லாம் ஒரு சதவீதக் குறியையும் பிடிஎஃப் என்ற மூன்று எழுத்துகளையும் கொண்டு தொடங்குவதால், கோப்பை எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 என்னும் குறிமுறையில் அவற்றின் முகம் எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

இனி அந்தக் குவியலுக்குச் சற்று மேலே, ‘கன்டென்ட் டிஸ்பொசிஷன்’ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். உங்கள் ஆங்கிலப் பெயர்ச் சோதனையில் அங்கே ‘அட்டாச்மென்ட்’ என்பதும் கோப்பின் பெயரும் கண்ணால் படிக்கும்படி இருக்கும். தமிழ்ப் பெயர்ச் சோதனையில் சமக்குறி, கேள்விக்குறி, யுடிஎஃப்8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக்கும் குறிமுறை) என்று தொடங்கி, கேள்விக்குறியும் சமக்குறியுமாக முடியும் ஒரு குழம்பல் மட்டுமே இருக்கும். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே சரமாக ஒட்டிக் கொடுத்ததால், அதில் தமிழ் எழுத்தைக் கண்ட பைத்தான், வரி முழுவதையும் சேர்த்துக் குறிமாற்றிவிட்டது. அந்தக் குறிமாற்று முறை கடிதத்தின் பொருள் வரிக்கும் அனுப்புநர் பெயருக்கும் உரியது. கோப்பின் பெயர் வரும் இடத்தில் அதற்கு அனுமதி இல்லை. பெறும் செயலிக்குப் பெயர் என்ற சொல்லே கண்ணில் படவில்லை, அதனால் ‘பெயரில்லை’ என்று அதுவே ஒரு பெயர் சூட்டிவிட்டது.

திருத்தம் சிறியது. பெயரைச் சரத்தில் ஒட்டாமல், தலைப்பு வரியைச் சேர்க்கும் செயல்கூறுக்கு ‘ஃபைல்நேம்’ என்ற தனி மதிப்பாகக் கொடுங்கள். அப்போது 1997இல் வந்த ஆர்எஃப்சி 2231 சொல்லும் முறையில் பெயரை மட்டும் பைத்தானே சரியாக மாற்றிக்கொள்ளும்.

இரவுப்பணி நிர்வாகி

ஐயா சொன்னது அனைத்தும் சரி. ஆனால் அந்தப் பழைய வரியைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட, பழைய வகுப்புகளையே, அதாவது கடிதத்தைக் கட்டப் பைத்தான் தரும் பழைய ஆயத்த அச்சுகளையே, விட்டுவிடுவது நல்லது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான மாதிரிகள் ‘மைம்மல்ட்டிபார்ட்’, ‘மைம்பேஸ்’ ஆகியவற்றை வைத்து எழுதப்பட்டவை. அவை இன்றும் ஓடுகின்றன என்பதாலேயே அவற்றை எல்லோரும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பைத்தான் 3.6 முதல் ‘ஈமெயில்மெசேஜ்’ என்ற வகுப்பு நிலைபெற்றுவிட்டது. ஒரு கடிதத்தை உருவாக்கி, உடலை ‘செட் கன்டென்ட்’ என்பதால் வைத்து, கோப்பை ‘ஆட் அட்டாச்மென்ட்’ என்பதால் சேர்த்தால் போதும். பேஸ்64, எல்லைக்கோடு, தமிழ்ப் பெயர் ஆகிய எதையும் நீங்கள் தொட வேண்டியதில்லை.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை. கோப்பை இருமமாகத் திறக்க வேண்டும், அதாவது ‘ஆர்பி’ என்று கொடுக்க வேண்டும். வெறும் ‘ஆர்’ என்று கொடுத்தால் பிடிஎஃப்பை எழுத்தாகப் படிக்க முயன்று பைத்தான் தடுக்கி விழும். அடுத்து, இருமத் தரவைச் சேர்க்கும்போது முதன்மை வகை ‘அப்ளிகேஷன்’ என்றும் துணை வகை ‘பிடிஎஃப்’ என்றும் நீங்களே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது பிழை காட்டி நின்றுவிடும். நின்றுவிடுவது நல்லது என்பேன். பழைய மாதிரிகளில் வரும் ‘ஆக்டெட் ஸ்ட்ரீம்’ என்ற பொதுவகையைக் கண்டால் சில கைபேசிகள் பிடிஎஃப்பைக்கூடத் திறக்கத் தயங்குகின்றன.

535 பற்றி: உங்கள் சொந்த ஜிமெயிலில் வழக்கமான கடவுச்சொல்லை நிரலுக்குக் கொடுக்கும் வழியைக் கூகுள் 2022 மே 30 முதல் மூடிவிட்டது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள செயலிக் கடவுச்சொல் ஒன்றைப் பெற்று அதைக் கொடுங்கள். பிறகு எப்போதாவது முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் செயலிக் கடவுச்சொற்கள் எல்லாம் செல்லாமல் போய்விடும், அன்றைக்கும் இதே 535தான் வரும். அதை நிரலுக்குள் எழுதாமல், கணினியின் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியே இயங்குதளம் வைத்திருக்கும் மதிப்பில்) வைத்துப் படியுங்கள். ஊதியச் சீட்டு நிரலைப் பென்டிரைவில் அக்காள் மகனுக்குக் கொடுக்கும் நாள் நிச்சயம் வரும்.

சர்வரோடு இணையும் வாசலைக் குறிக்கும் போர்ட் எண்ணில் 465 என்றால் தொடக்கத்திலிருந்தே மறையாக்கம், 587 என்றால் இணைந்த பிறகு ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’ சொல்லி மறையாக்கம். இரண்டும் ஏற்கத்தக்கவை, இரண்டையும் கலக்காதீர்கள். 25ஐத் தொடவே வேண்டாம். வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் அது அடைபட்டிருக்கும்.

திருப்பூர்க் கணக்கர்

இருவருக்கும் மிக்க நன்றி. புதிய வகுப்பில் மாற்றி எழுதிவிட்டேன். ‘நோநேம்’ போய்விட்டது, தமிழ்ப் பெயர் அப்படியே தெரிகிறது. செயலிக் கடவுச்சொல்லும் வேலை செய்கிறது.

ஒரு சிறு தடங்கல் வந்தது, அதையும் நானே தீர்த்துவிட்டேன். எக்செல் பட்டியலை வரிவரியாகப் படித்து, ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் இரண்டாவது ஆளுக்கு வந்ததும், ஒரு கடிதத்தில் ஒரு பெறுநர் வரிதான் இருக்கலாம் என்று பிழை காட்டி நின்றது. தேடிப் பார்த்ததில், புதிய முகவரியை வைப்பதற்கு முன் பழைய பெறுநர் வரியை அழித்துவிடும்படி ஓரிடத்தில் எழுதியிருந்தார்கள். அப்படியே செய்தேன், ஓடுகிறது. என்னுடைய மூன்று முகவரிகளுக்கு அனுப்பிச் சோதித்தேன். மூன்றாவதில் மூன்று இணைப்புகள் தெரிந்தன. பொருள் வரி ஒன்றாக இருப்பதால் ஜிமெயில் எல்லாவற்றையும் ஓர் உரையாடலாகத் தொகுத்துக் காட்டுகிறது என்று நினைக்கிறேன். நாளை 86 பேருக்கும் அனுப்பப்போகிறேன்.

சுட்டுக்கொண்டவர்

தயவுசெய்து அனுப்பாதீர்கள்!

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்காகவே உள்நுழைந்தேன். மூன்று முகவரிகளும் உங்களுடையவையாக இருந்தாலும் தனித்தனி அஞ்சல்பெட்டிகள்தாமே? ஒரு பெட்டியில் இருப்பதை இன்னொரு பெட்டியில் ஜிமெயில் எப்படித் தொகுக்கும்? மூன்றாவது கடிதத்தில் உண்மையாகவே மூன்று சீட்டுகள் இருக்கின்றன. நாளை நீங்கள் ஓட்டியிருந்தால் இரண்டாவது ஆளுக்கு முதலாமவருடைய ஊதியமும், எண்பத்தாறாவது ஆளுக்கு எல்லோருடைய ஊதியமும் போயிருக்கும்.

கடிதத்தை உருவாக்கும் வரி லூப்புக்கு வெளியே இருக்கிறது, அதுதான் காரணம். ஒரே கடிதத்தை எடுத்து, மேலே முகவரியை மட்டும் அடித்துத் திருத்தி, உள்ளே இன்னொரு தாளைச் செருகிச் செருகி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். புதிய வகுப்பு உங்களைத் தடுக்கத்தான் பார்த்தது. பெறுநர் வரி இரண்டாம் முறை வருவதைக் கண்டு பிழை காட்டியது. நீங்கள் கண்டெடுத்த அந்த ஆலோசனை பிழையின் வாயை மட்டும் மூடிவிட்டது. பெறுநர் வரிக்கு ஒன்றுதான் என்ற விதி உண்டு, இணைப்புக்கு அப்படி ஒரு விதி கிடையாது. ஆகவே சேர்க்கச் சேர்க்க அது பேசாமல் ஏற்றுக்கொள்ளும்.

எனக்கு இது நடந்தது பழைய வகுப்பில். அதில் பெறுநர் வரி எத்தனை முறை வைத்தாலும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும், பிழையே வராது. அப்போது ஒரு நிறுவனத்தில் 41 பேருக்கு ஊதிய உயர்வுக் கடிதம் அனுப்பும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மாலை ஆறு மணிக்கு ஓட்டிவிட்டு, தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முதல் கடிதம் ஒரு நொடியில் போனது, முப்பதாவது கடிதம் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எண்ணிக்கொண்டு நின்றேன். எல்லாம் போய் முடிந்த பிறகுதான், வரிசையில் கடைசியில் இருந்த நண்பர் தொலைபேசியில் அழைத்து, ‘எல்லோருக்கும் எவ்வளவு என்று எனக்கு எதற்கு அனுப்பியிருக்கிறாய்?’ என்று கேட்டார். அகர வரிசைப்படி பெயர் முன்னால் வந்தவர்கள் எதையும் பார்க்கவில்லை, பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் உணவு இடைவேளைப் பேச்சு என்னைக் கண்டதும் நின்றுவிடும். ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

உருவாக்கும் வரியை லூப்பின் முதல் வரியாக உள்ளே தள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் புதுக் கடிதம். அழிக்கும் வரியை நீக்கிவிடுங்கள், அது இனித் தேவைப்படாது. தேவைப்பட்டால் எங்கோ தவறு இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

திருப்பூர்க் கணக்கர்

படித்ததும் கை நடுங்கிவிட்டது. உடனே மூன்றாவது அஞ்சல்பெட்டியை மட்டும் தனியாகத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே மூன்று சீட்டுகள், மூன்றும் வேறு வேறு ஆட்களுடையவை. கடித உருவாக்கத்தை உள்ளே நகர்த்திவிட்டேன். நாளைய அனுப்புதலை நிறுத்திவைத்திருக்கிறேன். எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஒரு கேள்வி மட்டும். உங்கள் நிகழ்வில் பெறுநர் வரியில் பழைய முகவரிகளெல்லாம் சேர்ந்திருந்தால், கடைசிக் கடிதம் 41 பேருக்கும் அல்லவா போயிருக்க வேண்டும்?

பழைய பெர்ல்காரர்

நல்ல கேள்வி. போகாது, ஏனென்றால் அஞ்சல்காரர் பார்ப்பது உறையை மட்டுமே, உள்ளே இருக்கும் கடிதத்தை அவர் பிரிப்பதில்லை. சர்வரிடம் நிரல் முதலில் ‘இன்னாரிடமிருந்து’ என்றும், அடுத்து ‘இன்னாருக்கு’ என்றும் சொல்கிறது, அதுதான் உறை. பிறகு தருவது கடிதம். கடிதத்தின் தலையில் இருக்கும் பெறுநர் வரி படிப்பவரின் கண்ணுக்காக மட்டுமே. ‘சென்ட்மெயில்’ என்ற செயல்கூறுக்கு நீங்கள் தரும் முகவரி உறைக்குப் போகிறது. நண்பருடைய உறையில் ஒரு பெயர்தான் இருந்தது, உள்ளேதான் 41.

மறைநகல் எனப்படும் பிசிசி இயங்குவதும் இதனால்தான். பெயர் உறையில் இருக்கும், கடிதத்தில் இருக்காது. ‘சென்ட் மெசேஜ்’ என்ற செயல்கூறு அந்த வரியைக் கடிதத்திலிருந்து தானே எடுத்துவிடும். ‘சென்ட்மெயில்’ எடுக்காது. மறைநகல் வரியை வைத்துவிட்டு அதைக்கொண்டு அனுப்பினால், மறைந்திருக்க வேண்டியவர்களின் பட்டியல் எல்லோர் கையிலும் கிடைக்கும்.

நேர்வழி

எல்லோரும் இவ்வளவு பாடுபடுவது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஊதியச் சீட்டு போன்ற ஒன்றை மின்னஞ்சலில் இணைப்பதே தவறு. உள்நுழைந்து பார்க்கும் ஒரு தளத்தில் ஏற்றிவிட்டு, ‘உங்கள் சீட்டு தயார்’ என்று மட்டும் அஞ்சல் அனுப்பினால் இந்த விபத்து எதுவுமே நேராது.

இரவுப்பணி நிர்வாகி

கொள்கையளவில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 86 பேருக்கு ஒரு தளம் நடத்துவதென்றால் அதற்குக் கடவுச்சொல், மறந்துபோன கடவுச்சொல், சர்வர் கட்டணம், பாதுகாப்புத் திருத்தங்கள் ஆகிய அனைத்தும் இந்தக் கணக்கர் தலையில்தான் விழும். ஒவ்வொரு பிடிஎஃப்புக்கும் திறவுச்சொல் போடுவது நடுவழி. அப்படிப் போடும்போது, ‘திறவுச்சொல் உங்கள் பிறந்த தேதி’ என்று அதே அஞ்சலின் உடலில் எழுதாதீர்கள். நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவது அது. பணியாளருக்கு ஒருமுறை நேரில் சொல்லிவிடலாம்.

வலைப்பக்கத் தொழிலாளி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே வேலையைப் பிஎச்பி என்னும் வலைத்தள நிரல்மொழியில் செய்கிறேன். இணைப்பு சரியாகப் போகிறது, ஆனால் கடிதத்தின் உடலில் இருக்கும் தமிழ் முழுவதும் புரியாத லத்தீன் எழுத்துகளாக வருகிறது. பிஎச்பிமெயிலர் நூலகத்தைப் பயன்படுத்துகிறேன்.

பழைய பெர்ல்காரர்

அந்த நூலகத்தின் இயல்பான எழுத்துக்குறி ஐஎஸ்ஓ 8859-1, அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. ‘கேர்செட்’ என்ற மதிப்பை யுடிஎஃப்8 என்று மாற்றுங்கள், அவ்வளவுதான். நூலகத்தின் பதிப்பு பழையதா என்றும் பாருங்கள். 5.2.18க்கு முந்தைய பதிப்புகளில், வெளியாள் உங்கள் சர்வரில் தன் கட்டளையை ஓட்டும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது 2016 டிசம்பரில் வெளிவந்தது. விண்டோஸின் கட்டளைமொழியான பவர்ஷெல் வைத்திருப்பவர்களுக்கும் இதுபோன்ற தொல்லை உண்டு. விண்டோஸோடு வரும் பதிப்பில் ‘சென்ட் மெயில்மெசேஜ்’ ஆஸ்கியை எடுத்துக்கொள்வதால், தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அந்தக் கட்டளையைக் கைவிடும்படி மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. என் பழைய பெர்லைப் பற்றிக் கேட்காதீர்கள். அதில் அஞ்சல் கட்டும் ‘மைம் லைட்’ தொகுப்பின் ஆவணத்திலேயே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

திருப்பூர்க் கணக்கர்

அளவு பற்றி ஒரு ஐயம். எங்கள் அலுவலக அஞ்சலுக்கு 10 எம்பி எல்லை என்கிறார்கள். தணிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய 8 எம்பி கோப்பு ஒன்றை 552 என்று திருப்பிவிட்டது. எட்டு, பத்தைவிடச் சிறியதுதானே?

இரவுப்பணி நிர்வாகி

பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக எழுதும். ஒரு வரிக்கு 76 எழுத்து, அதன் முடிவில் வரி மாற்றும் இரண்டு குறிகள். ஆக, உங்கள் கோப்பின் 57 பைட்டுகள் பயணத்தில் 78 பைட்டுகளாகின்றன. 8 எம்பி ஏறத்தாழ 10.9 எம்பியாக வீங்கும். 10 எம்பி எல்லைக்குள் 7.3 எம்பிக்கு மேல் நுழையாது.

சுவையான ஒன்றைச் சொல்கிறேன். நிரலில் ‘செட் டீபக்லெவல்’ என்பதை 1 என்று வைத்தால் சர்வரோடு நடக்கும் உரையாடல் முழுவதும் திரையில் ஓடும். ஜிமெயில் சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது ‘சைஸ் 35882577’ என்று சொல்லும். வெகுநாள் அந்த எண் எனக்கு வெறும் எண்ணாகவே இருந்தது. ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 எம்பி என்பது 26214400 பைட். அதை 78ஆல் பெருக்கி 57ஆல் வகுத்து, 10240ஐக் கூட்டினால் அதே எண் வருகிறது. 25 எம்பி கோப்பு வீங்கிய பிறகும் உள்ளே வரட்டும், தலைப்பு வரிகளுக்கு 10 கேபி இருக்கட்டும் என்று யாரோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து கணக்கிட்டிருப்பார் போலும். உங்கள் அலுவலக சர்வர் அந்தப் பெருந்தன்மையைக் காட்டவில்லை.

நேர்வழி

தமிழில் கோப்புப் பெயர் வைக்கத்தான் வேண்டுமா? ஆங்கிலத்தில் வைத்திருந்தால் இந்த இழையின் பாதி தேவைப்பட்டிருக்காது.

பழைய பெர்ல்காரர்

‘சம்பளச்சீட்டு’ என்ற பெயரை யூனிகோட் 13 குறிகளாக எழுதுகிறது. ஒரு குறிக்கு மூன்று பைட், ஒரு பைட்டுக்குச் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து, ஆகவே தலைப்பு வரியில் அந்த ஒரு சொல் 117 எழுத்துகளாக நீள்கிறது. ஒரு வரி 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது என்பதால் பெயர் துண்டுதுண்டாக வெட்டப்பட்டு எண்ணிட்டு அனுப்பப்படுகிறது. இன்றைய செயலிகள் இதைச் சேர்த்துப் படித்துவிடுகின்றன. மிகப் பழைய செயலிகள் சில தடுமாறலாம். அவற்றுக்காக நம் மொழியை விட்டுக்கொடுக்க நான் ஒப்பமாட்டேன். நிரல் சரியாக இருந்தால் பெயர் சரியாகப் போகிறது என்பதைக் கணக்கரே காட்டிவிட்டார்.

சுட்டுக்கொண்டவர்

அனுப்பும் முன் இன்னும் ஒன்று. 31ஆவது முகவரியில் எழுத்துப்பிழை இருந்து சர்வர் அதை உடனே மறுத்தால், நிரல் பிழையோடு நின்றுவிடும். முதல் 30 பேருக்குப் போயிருக்கும். மறுபடி ஓட்டினால் அவர்களுக்கு இரண்டாம் முறை போகும். ஆகவே ஒவ்வொரு கடிதமும் ஏற்கப்பட்டதும் அந்தப் பணியாளர் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவையுங்கள், அடுத்த முறை தொடங்கும்போது அந்தக் கோப்பைப் படித்து ஏற்கெனவே போனவர்களைத் தாண்டிச் செல்லுங்கள். மறுப்பு வந்தால் அதைக் குறித்துக்கொண்டு அடுத்தவருக்குப் போகட்டும். சர்வர் 250 என்று சொன்னால் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று மட்டுமே பொருள், ‘சேர்த்துவிட்டேன்’ என்று பொருளன்று. சேராதவை சில நிமிடம் கழித்து உங்கள் பெட்டிக்கே திரும்பி வரும்.

முதலில் மெய்யான சர்வருக்கு அனுப்பாமல், ‘ஏஐஓஎஸ்எம்டிபிடி’ என்ற சோதனை சர்வரை உங்கள் கணினியிலேயே இயக்கி, 8025 போர்ட்டுக்கு அனுப்புங்கள். அது கடிதங்களை வாங்கித் திரையில் காட்டும், யாருக்கும் அனுப்பாது. நான் அன்று அந்தத் தேநீருக்கு முன் இதைச் செய்திருக்க வேண்டும்.

திருப்பூர்க் கணக்கர்

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். சோதனை சர்வரில் 86 கடிதங்களையும் ஓட்டினேன். ஒவ்வொரு கடிதத்திலும் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, ஒன்றுக்கு மேல் இருந்தால் நின்றுவிடும்படி ஒரு வரியும், கோப்பின் பெயரில் உள்ள பணியாளர் எண்ணும் எக்செல் வரியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க ஒரு வரியும் சேர்த்தேன். அந்த இரண்டாவது வரி உடனே ஒரு பிழையைப் பிடித்தது. வேலையை விட்டுப் போன ஒருவரின் எண்ணைப் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுத்திருந்தார்கள், ஃபோல்டரில் பழையவரின் சீட்டு அப்படியே கிடந்தது. இரண்டு முகவரிகளின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தது, அதையும் நீக்கினேன்.

நேற்று மாலை, ஒருமுறை உள்நுழைந்த அதே தொடர்பிலேயே எல்லாவற்றையும் அனுப்பினேன். நான்கு நிமிடத்துக்குள் முடிந்தது. ஒன்று திரும்பி வந்தது, அஞ்சல்பெட்டி நிரம்பியிருக்கிறதாம். இன்று காலை தையல் பிரிவு மேற்பார்வையாளர் நேரில் வந்து, சீட்டில் தவறு இருக்கிறது என்றபோது ஒரு கணம் மூச்சு நின்றது. கைபேசியைக் காட்டினார். அவருடைய சீட்டு, அவருடைய பெயர், ஒரே ஓர் இணைப்பு. மிகைநேரத்தில் இரண்டு மணி குறைந்திருந்தது. அது என் எக்செல் பிழை, திருத்திக்கொடுத்துவிட்டேன்.